பழைய கம்ப்யூட்டருக்கும் ஒட்டுப் போடலாம்



14-10-2025 அன்று விண்டோஸ் 10 என்ற கணினி இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பல மாதங்களுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டு வந்த சங்கதிதான். ஆனாலும் பட்டணத்துச் செய்தி தோட்டத்துக்கு வந்து சேருவதற்குள் அதன் உருவமே மாறிவிடுகிறது. "நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் இனிமே ஓடாதாம்மா, புதுசு வாங்கணுமாம்" என்று பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள். தாய் தகப்பன் திகைத்துப் போகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது உண்மைதான். ஆனால் ஓரளவு நல்ல மடிக்கணினி ஒன்று வாங்கினால் அந்த மாதச் சம்பளம் அப்படியே கரைந்துவிடும். அரிசிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் என்ன செய்வது?

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆதரவு முடிந்துவிட்டால் கணினி நின்றுவிடாது. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். நின்றுபோனது வேறு ஒன்று. அந்தக் கணினிக்கு மாதா மாதம் வந்துகொண்டிருந்த ஒட்டு இனிமேல் வராது, அவ்வளவுதான்.

ஒட்டு என்றால் என்ன? சைக்கிள் டியூப்பில் ஓட்டை விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? டியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்துகிறோம். குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, ஒரு துண்டு ரப்பரை ஒட்டுகிறோம். புதுச் சைக்கிள் வாங்கிக்கொண்டா இருக்கிறோம்? கணினிக்குள் ஓடுகிற கட்டளைகளிலும் இப்படித்தான் ஓட்டைகள் இருக்கின்றன. எழுதியவர்கள் கவனிக்காமல் விட்டவை அவை. அந்த ஓட்டை வழியாகத் திருடன் உள்ளே நுழைந்துவிடலாம். அதை மூடுவதற்கு நிறுவனம் அனுப்பும் சிறு துண்டுக் கட்டளைக்குத்தான் ஆங்கிலத்தில் பேட்ச் என்று பெயர். நம் சொல்லில் ஒட்டு. இந்தப் பெயர் வெறும் உவமையாகப் பிறந்ததல்ல. அந்தக் காலத்துக் கணினிகளுக்குக் கட்டளைகளைக் காகித நாடாவில் துளை போட்டுக் கொடுத்தார்கள். தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடினார்கள். நிஜமான ஒட்டு!

2003 அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் ஒட்டுகளை வெளியிட்டு வருகிறது. அமெரிக்காவில் செவ்வாய் காலை என்றால் நமக்குப் புதன்கிழமை விடியற்காலை ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகும். பிரட்டுக்குப் பேர் கொடுக்க நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே ஒட்டு வந்து காத்திருக்கும்.

"எங்கள் வீட்டில் இண்டர்நெட் கம்பியே கிடையாது. எங்களுக்கு எதற்கு ஒட்டும் பசையும்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லுமுன் நடந்த சில சம்பவங்களைச் சொல்கிறேன்.

14-3-2017 அன்று மைக்ரோசாப்ட் ஓர் ஒட்டை வெளியிட்டது. கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியில் இருந்த ஓர் ஓட்டையை மூடுவதற்கு. போட்டவர்கள் போட்டார்கள், போடாதவர்கள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். சரியாக 59 நாள் கழித்து, 12-5-2017 அன்று, வான்னாக்ரை என்ற கிருமி அதே ஓட்டை வழியாக உலகெங்கும் புகுந்தது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். உள்ளே இருந்த படம், கடிதம், கணக்கு எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டுவிட்டு, 300 அமெரிக்க டாலர் கொடுத்தால்தான் திறப்பேன் என்று திரையில் எழுதிக் காட்டியது. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஏறக்குறைய 19,000 மருத்துவச் சந்திப்புகள் தள்ளிப்போனதாக அங்குள்ள தணிக்கை இலாகா பின்னர் மதிப்பிட்டது. ஆதரவு முடிந்து மூன்று வருடமாகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் அவசர அவசரமாக ஓர் ஒட்டை வெளியிட்டது என்றால் நிலைமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒட்டு வெளியாகும் நாளில் நல்லவர்கள் மட்டும் அதைப் பார்ப்பதில்லை. கெட்டவர்களும் எடுத்துப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒட்டு எங்கே விழுகிறதோ அங்கேதான் ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? ஆகவே ஒட்டு வந்த பிறகும் போடாமல் இருப்பவன் நிலை, ஒட்டே இல்லாத காலத்தைவிட மோசம்.

அடுத்த சம்பவம் பினாங்குக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1972இல் வயற்காடாக இருந்த பாயான் லெப்பாஸில் சுதந்திரத் தொழில் வட்டாரம் அமைந்ததும், இண்டெல் நிறுவனம் அங்கே தொழிற்சாலை தொடங்கியதும் உங்களில் பலருக்குத் தெரியும். எத்தனை தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போய் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து அந்தச் சில்லுகளைக் கோத்தார்கள்! உங்கள் வீட்டுக் கணினிக்குள் இருக்கும் சில்லு உங்கள் அத்தை கைபட்டதாகவே இருக்கலாம். அதே தொழிலில் உலகிலேயே பெரிய நிறுவனம் தைவானில் உள்ள டிஎஸ்எம்சி. 2018 ஆகஸ்டு 3ஆம் தேதி அந்த நிறுவனத்தில் புதிய இயந்திரம் ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் ஏற்றிய மென்பொருளைச் சோதிக்காமலே உள் வலையில் இணைத்துவிட்டார்கள். வான்னாக்ரையின் இன்னோர் உருவம் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டியது ஒட்டுப் போடாத விண்டோஸ் 7. உற்பத்தி நின்றது. அந்தக் காலாண்டு வருமானத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு அடிபடும் என்று நிறுவனமே முதலில் அறிவித்தது. கிருமி வெளி இண்டர்நெட் வழியாக வரவில்லை, உள்ளே கொண்டுவந்த சாமானில் வந்தது. முதல் ஒட்டு வெளியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது வீட்டுக் கணினிக்கு வருவோம். கம்பி இல்லாவிட்டாலும் பென்டிரைவ் இருக்கிறதே! மகள் பள்ளிப் பாடத்தை அச்செடுக்கப் பட்டணத்து நகலெடுக்கும் கடைக்குப் போகிறாள். அந்தக் கடைக் கணினியில் ஒரு நாளைக்கு நூறு பென்டிரைவ் நுழைந்து வெளியேறும். திரும்பி வந்து வீட்டில் செருகினால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிப் படங்களாக மாறிக் கிடக்கும். பார்த்திருப்பீர்கள். 2008 அக்டோபர் 23இல் மைக்ரோசாப்ட் மூடிய ஓர் ஓட்டையை வைத்து அடுத்த மாதமே கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற கிருமி, பிறகு பென்டிரைவிலும் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. செருகியதுமே தானாக ஓடும் வசதி அப்போது கணினிகளில் இருந்தது. வீட்டுக்கு வந்தவர் கேட்காமலே அடுப்படி வரை போவது போல! அதை அடைக்க 2011இல் ஓர் ஒட்டைப் பரவலாக அனுப்பினார்கள். விண்டோஸ் 7இல் தொடக்கத்திலேயே பென்டிரைவுக்கு அந்த வசதியை அடைத்துவிட்டார்கள். ஈரானின் அணு நிலையத்தில், வெளி வலையோடு தொடர்பே இல்லாத இயந்திரங்களைக் கெடுத்த ஸ்டக்ஸ்நெட் பற்றி 2010இல் உலகமே பேசியது. அதுவும் பென்டிரைவில் நுழையக்கூடியதாகவே செய்யப்பட்டிருந்தது.

கம்பி இல்லை என்பதால் கிருமி வராமல் இருக்காது. ஒட்டு மட்டும்தான் வராமல் போகும். சரி, கிருமி வரும் அதே பென்டிரைவில் மருந்தையும் கொண்டுவந்தால் என்ன? அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தயவு செய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் பழைய கணினிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். 2010இல் தொடங்கிய நெட்புக் 1மலேசியா திட்டத்தில் வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கிடைத்த சிறு கணினிகள் சில வீடுகளில் இன்னும் அலமாரி மேல் கிடக்கின்றன. அவற்றில் பழைய தோட்டத்துத் தீமிதித் திருவிழா இருக்கும். லயத்து வீட்டு வாசலில் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பால் கொட்டகை, பிள்ளைக்கொட்டகை, மாரியம்மன் கோயில் வேப்பமரம் எல்லாம் இருக்கும். அந்தத் தோட்டம் இப்போது எங்கே? பத்து காவானில் தோட்டம் இருந்த பக்கம் இன்று தொழிற்சாலைகளும், 2014இல் திறந்த இரண்டாவது பாலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. செபராங் பிறையிலும் கெடாவிலும் இப்படி எத்தனையோ தோட்டங்கள் துண்டு போடப்பட்டு, லயங்கள் இடிந்து போயின. மரம் போனது, வீடு போனது, மிஞ்சியது அந்தப் படம் மட்டுமே. பூட்டுப் போட்டுப் பணம் கேட்கும் கிருமி முதலில் கைவைப்பது படங்களின்மேல்தான். ஆகவே ஒட்டுப் போடத் தொடங்குமுன் எல்லாப் படங்களையும் வேறொரு பென்டிரைவிலோ வெளி வட்டிலோ நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி, உறையில் போட்டு, பிறப்புப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். கணினியிலேயே செருகி வைத்தால் கிருமி வந்தால் அதற்கும் சேர்த்தே பூட்டு விழும்.

படங்கள் பத்திரமாயிற்று. இனி, உங்களிடம் இருப்பது எந்த விண்டோஸ் என்று கண்டுபிடிக்க வேண்டும். விசைப்பலகையில் விண்டோஸ் படம் போட்ட விசையை அழுத்திக்கொண்டே ஆர் எழுத்தைத் தட்டுங்கள். வரும் சிறு கட்டத்தில் வின்வெர், அதாவது ஆங்கிலத்தில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்துகளை அடித்தால் பெயரும் பதிப்பு எண்ணும் தெரியும். இன்னொன்றும் வேண்டும். அது 32 பிட்டா 64 பிட்டா? கணினியின் பொது விவரப் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியில் எழுதியிருக்கும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சட்டை தைக்க அளவு எடுத்துக்கொண்டு போவது போல. அளவில்லாமல் போனால் துணி வீணாகும்.

இப்போது இண்டர்நெட் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். அரசாங்கத்தின் நாடி மையம் பக்கத்தில் இருந்தால் அங்கே போகலாம். ஜார்ஜ் டவுன் பக்கம் வருபவர்களுக்கு 2016இல் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் திறந்த மின் நூலகம் இருக்கிறது. பட்டணத்தில் வேலை செய்யும் மாமன் மகன் வீடு இருந்தால் இன்னும் நல்லது, சாப்பாடும் கிடைக்கும். மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற இணையப் பக்கத்தைத் திறங்கள். அதன் முகவரி கேட்டலாக் டாட் அப்டேட் டாட் மைக்ரோசாப்ட் டாட் காம். இது ஒரு பெரிய சாமான் கிடங்கு. ஒவ்வொரு ஒட்டுக்கும் கேபி என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. எண்ணை அடித்துத் தேடினால் வரிசையாகப் பல வரும். உங்கள் தாளில் உள்ள விண்டோஸ் பெயருக்கும் பிட்டுக்கும் பொருந்துவதை மட்டும் இறக்குங்கள். எக்ஸ்64 என்று போட்டிருந்தால் 64 பிட். எக்ஸ்86 என்று போட்டிருந்தால் 32 பிட். 86 பெரிய எண்ணாயிற்றே, அதுதான் உசத்தி என்று எண்ணி இறக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பெயர் வைத்தவர்களைத்தான் நோக வேண்டும்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இதற்கு இலவச ஒட்டுகள் 14-1-2020 அன்றோடு முடிந்தன. எனினும் அதுவரை வந்தவற்றைப் போட்டிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. வின்வெர் பக்கத்தில் சர்வீஸ் பேக் 1 என்று இல்லையானால் முதலில் அது வேண்டும், அதன் எண் கேபி976932. பிறகு கேபி4490628. ஒட்டுப் போடும் கருவிக்கே போடும் ஒட்டு இது. பசை காய்ந்து கிடந்தால் எந்த ரப்பர் ஒட்டும்? முதலில் பசையைப் புதிதாக்குகிறோம். மூன்றாவது கேபி4474419. இதன் கதை சுவையானது. மைக்ரோசாப்ட் தன் ஒட்டுகளில் ஒரு மின் முத்திரை குத்தி அனுப்புகிறது. 2019இல் பழைய முத்திரையை விட்டுவிட்டு வலுவான புதிய முத்திரைக்கு மாறிவிட்டார்கள். பழைய விண்டோஸ் 7க்கோ புதிய முத்திரையை அடையாளம் தெரியாது. புதிய துரையின் கையெழுத்தைப் பார்த்திராத கிராணி, உண்மையான கடிதத்தையே போலி என்று திருப்பி அனுப்புவது போல், நல்ல ஒட்டையே வேண்டாம் என்று தள்ளிவிடும். புதிய முத்திரையைக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த ஒட்டு. கடைசியாகக் கேபி4534310. 2020 ஜனவரியில் வந்த கடைசி இலவசத் தொகுப்பு. அதற்கு முந்திய பல மாத ஒட்டுகள் இதற்குள் அடக்கம்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றையும் போட்டு, மறுபடி தொடங்கச் சொன்னால் தொடங்கிவிட்டு, அடுத்ததைப் போடுங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி ஒட்டே ஒரு புது ஓட்டையைப் போட்டுவிட்டது! திரையில் படத்தை இழுத்து நிரப்பி வைத்திருந்தவர்களுக்குப் படம் மறைந்து கறுப்புத் திரை வந்தது. ஆதரவு முடிந்த பிறகும் மைக்ரோசாப்ட் வெட்கப்பட்டுக்கொண்டு கேபி4539602 என்ற இன்னோர் ஒட்டை எல்லாருக்கும் இலவசமாகத் தந்தது. உங்கள் திரை கறுத்துப் போனால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 சுலபம். அதன் ஒட்டுகள் தொகுப்பாகவே வரும். கடைசித் தொகுப்பைப் போட்டால் முந்தியவையும் சேர்ந்து வந்துவிடும். 22எச்2 பதிப்புக்கு 14-10-2025இல் வந்த தொகுப்பு கேபி5066791. உங்களுடையது அதற்கு முந்திய பதிப்பானால் முதலில் 22எச்2க்கு ஏற வேண்டும். இதைத் தவிர, வீட்டுக் கணினிகளுக்கு 13-10-2026 வரை கூடுதலாக ஓர் ஆண்டு ஒட்டு தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், அல்லது கணினியின் அமைப்புகளை அவர்கள் கணக்கில் சேமிக்கச் சம்மதித்துக் காசில்லாமலே பெறலாம். பதிவு செய்ய மட்டும் கணினி இண்டர்நெட்டில் இருக்க வேண்டும். கைப்பேசியின் இணைப்பைச் சிறிது நேரம் கொடுத்தாலே போதும். விண்டோஸ் 10இல் உள்ள டிஃபெண்டர் என்ற காவல்காரனுக்குக் கிருமிகளின் அடையாளப் பட்டியலை 2028 அக்டோபர் வரை தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். ஆனால் அடையாளப் பட்டியல் வேறு, ஒட்டு வேறு. காவல்காரன் கையில் திருடர்களின் படம் இருப்பதால் உடைந்த ஜன்னல் சரியாகிவிடுமா?

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருக்கிறீர்களா? 2001இல் பிறந்து, 8-4-2014இல் ஆதரவு முடிந்தது. அதை இண்டர்நெட்டில் இணைக்கவே வேண்டாம் என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம். சர்வீஸ் பேக் 3 இருந்தால், வான்னாக்ரைக்காக 2017இல் வந்த கேபி4012598, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் வழியிலிருந்த ஓட்டைக்காக 2019இல் வந்த கேபி4500331 ஆகிய இரண்டையும் போட்டு, தட்டச்சுக்கும் பழைய பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

இறக்கியாயிற்று, வீட்டுக்கு வந்தாயிற்று. இணைப்பு ஏதும் இருந்தால் துண்டித்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் பழைய விண்டோஸ் 7 சில சமயம் எதையோ தேடிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்துவிடும். மடிக்கணினியானால் மின்சாரத்தில் செருகியே வையுங்கள். இடி மின்னல் உள்ள சாயங்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் கரண்டு போனால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். உங்கள் கணினிக்கு இது பொருந்தாது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். பிட் மாறியிருக்கும், அல்லது அந்த ஒட்டு ஏற்கெனவே இருக்கும், அல்லது அதற்கு முன் போட வேண்டியதைப் போடாமல் விட்டிருப்பீர்கள். மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

ஒட்டு கொண்டுவருவதற்கென்றே ஒரு பென்டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அச்செடுக்கும் கடைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். மருந்துக் குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்களா?

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒட்டு என்ற பெயரில் கிருமியையே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். "விண்டோஸ் அப்டேட் இங்கே" என்று மின்னும் வேறு பக்கங்களில் எதையும் இறக்காதீர்கள். பூட்டை உடைத்த விண்டோஸ் என்று சில வெள்ளிக்குக் கிடைக்கும் வட்டும் வேண்டாம். உங்கள் கணினியில் கிருமி இருக்கிறது, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று திரையில் எச்சரிக்கை வந்தால் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாப்ட் யாருக்கும் அப்படித் தொலைபேசி எண் காட்டுவதில்லை. கூப்பிட்டு, வங்கி விவரமும் சொல்லி, பணம் போய்விட்டால் உடனே 997க்கு அடியுங்கள். நம் நாட்டில் 2022இல் தொடங்கிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும். இறக்கிய நிறுவல் கோப்பு உண்மையானதுதானா என்று பார்க்கவும் வழி உண்டு. கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, பிராப்பர்டீஸ் என்பதில் டிஜிட்டல் சிக்னேச்சர் பக்கத்தைப் பாருங்கள். மைக்ரோசாப்ட் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

ஒட்டைத் தனித்தனியாகத் தேடி எடுப்பது சலிப்பான வேலைதான். ஜெர்மனியில் சி'டி என்ற கணினி இதழ் தன் வாசகர்களுக்காகவே, எல்லா ஒட்டுகளையும் மொத்தமாக இறக்கி ஒரே வட்டில் வரிசையாகத் தரும் ஒரு சிறு கருவியை வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்த டபிள்யூசஸ் ஆஃப்லைன் அப்டேட் என்ற இலவசக் கருவியைப் பல நாடுகளில் பள்ளிகளும் சிறு கடைகளும் பயன்படுத்தின. ஒரு பத்திரிகை வாசகனுக்கு இப்படியும் உதவலாம் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

விண்டோஸையே விட்டுவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போகலாமா என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்காது, அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். லினக்ஸுக்கு அந்தக் கர்வம் இல்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கம்பி இல்லாத வீட்டுக்கு லினக்ஸிலும் வழி இருக்கிறது. ரித்தேஷ் ராஜ் சராஃப் என்ற இந்தியர் ஆப்ட் ஆஃப்லைன் என்ற கருவியை எழுதினார். வீட்டுக் கணினி தனக்கு வேண்டிய சாமான்களுக்கு ஒரு சீட்டு எழுதித் தரும். அந்தச் சீட்டைப் பென்டிரைவில் பட்டணத்துக்குக் கொண்டுபோனால் அங்குள்ள கணினி எல்லாவற்றையும் கட்டித் தரும். திரும்ப வந்து இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். மாதக் கடைசியில் சீனன் கடைக்குச் சாமான் சீட்டு அனுப்பியவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

தமிழில் எழுத முடியுமா என்று கவலைப்பட வேண்டாம். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளால் கணினியில் தமிழ் எழுத வழி செய்தவர். இன்று விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ் எழுத்து கூடவே வருகிறது. எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்குத்தான் சிரமம். அதில் இந்திய மொழி வசதியை நிறுவல் வட்டைப் போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

போட்ட ஒட்டின் எண்ணையும் தேதியையும் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் செக்ரோல் மாதிரி வரிசையாக எழுதி, கணினி மேசையிலேயே வையுங்கள். அடுத்த முறை பட்டணத்துக்குப் போகிறவர் யாரானாலும் அதைப் பார்த்து விட்டுப்போனதை எடுத்து வரலாம்.

கடைசியாகக் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த கணினி சுவிட்சைப் போட்டதும் 2009 என்றோ 2002 என்றோ தேதி காட்டும். உள்ளே இருக்கும் காசு போன்ற சிறு மின்கலம் தீர்ந்துபோனதன் அடையாளம் அது. தேதி தவறினால் முத்திரைகளைச் சரிபார்க்கும் வேலை தடுமாறும், பாதுகாப்பான இணையப் பக்கங்களும் திறக்க மறுக்கும். இத்தனையும் செய்துவிட்டு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அந்த மின்கலத்தின் எண் சிஆர்2032. கடிகாரக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மின்சாரக் கம்பியைக் கழற்றிவிட்டு, மேலட்டையைத் திறந்து, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றுங்கள்.